காகிதப் பட்டை அளந்த கண்ணீர்

கண் எரிகிறது, மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது, காற்றடித்தால் நீராகக் கொட்டுகிறது என்று மருத்துவரிடம் போகிறவருக்கு ‘உங்கள் கண் உலர்ந்து போயிருக்கிறது’ என்ற பதில் கிடைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். நீர் வடியும் கண் எப்படி உலர்ந்த கண்ணாகும்? இதற்கு நேரான விடை சொல்ல மருத்துவ உலகத்துக்கே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காலம் பிடித்தது. விடைக்கு வேண்டிய உடற்கூற்று அறிவு அதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே கையில் இருந்தது. எதை எளிதாக அளக்க முடிந்ததோ அதையே நோயின் காரணமாக எண்ணிவிட்டதுதான் இந்தத் தாமதத்துக்குப் பெரும் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

கண்ணீர் மூளையிலிருந்து வருவதாக நம்பிய காலத்தில், அதைச் சுரப்பது கண்ணை ஒட்டிய சுரப்பிதான் என்று 1662-ல் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன் விளக்கினார். நான்கே ஆண்டுகளில், 1666-ல், ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் இமை விளிம்பில் வரிசையாகத் திறக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்து எழுதினார். நீரும் எண்ணெயும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டறியப்பட்டன. ஆனால் ஆய்வாளர்களின் கவனம் நீரின் பக்கமே சாய்ந்தது. 1903-ல் ஓட்டோ ஷிர்மர் கொண்டுவந்த சோதனை அந்தச் சாய்வை நிலைநிறுத்தியது. கீழிமையின் உட்புறம் ஓர் உறிஞ்சுதாள் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பதுதான் அது. செலவில்லை, கருவி வேண்டாம், கையில் ஓர் எண் கிடைத்துவிடும். நூற்றாண்டு கடந்தும் கண் மருத்துவமனைகளில் அந்தப் பட்டை புழக்கத்தில் இருக்கிறது.

அந்தச் சோதனையைப் பழிப்பது நியாயமில்லை என்று ஒருவர் வாதிடலாம். அதில் உண்மை உண்டு. 1933-ல் ஸ்வீடனின் ஹென்ரிக் ஷோக்ரன் 19 பெண்களின் நோயை ஆராய்ந்து ஆய்வேடு அளித்தார். கண்ணும் வாயும் சேர்ந்து உலர்ந்த அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. உடலின் எதிர்ப்பு மண்டலமே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கும் இந்நோயில் நீர் உண்மையிலேயே வற்றுகிறது. பட்டை அதைச் சரியாகவே காட்டுகிறது. சிக்கல் எங்கே வந்ததென்றால், கடுமையான இந்தச் சிறுபான்மை நோயாளிகளிடம் பொருந்திய விளக்கம் கண் எரிச்சலோடு வந்த எல்லோருக்கும் பொதுவாக்கப்பட்டதில்தான். நீர் குறைந்தால் நோய், ஆகவே நீர் ஊற்றினால் தீர்வு என்று செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளே சிகிச்சையாயின.

1946-ல் லண்டனில் யூஜின் உல்ஃப் கண்ணீர்ப் படலத்துக்கு மூன்று அடுக்குகள் உண்டு என்றார்: கருவிழியை ஒட்டிச் சளி, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய். 1961-ல் மிஷிமா, மாரிஸ் என்ற ஆய்வாளர்கள் முயல்களின் கண்ணில் அந்த எண்ணெய் அடுக்கை நீக்கிப் பார்த்தபோது நீர் பல மடங்கு வேகத்தில் ஆவியானது. சுரப்பி நிறைய நீர் தந்தாலும் மேலே எண்ணெய் இல்லாவிட்டால் படலம் நிலைக்காது. காய்ந்த இடம் நரம்பைச் சீண்ட, சுரப்பி இன்னும் நீரைக் கொட்டுகிறது. வடிந்தும் உலரும் கண்ணின் புதிர் இதுதான். 1969-ல் நார்ன் என்ற ஆய்வாளர், சாயம் இட்ட படலம் இமைக்காத கண்ணில் எத்தனை விநாடியில் உடைகிறது என்று கணக்கிட்டார். ஆனால், அளவுக்கதிகமாக ஆவியாவதும் நோயின் வரையறைக்குள் முறையாக இடம்பெற்றது 1995-ல்தான். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் கண் உலர்வு உறுதியானவர்களில் 86 விழுக்காட்டினரிடம் எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறு தென்பட்டது.

கணினித் திரைதான் இந்நோயைப் பெருக்கியது, சுரப்பியை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். திரையை நாம் ஒதுக்கிவிட முடியாது: ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 22 முறை இமைப்பவர்கள் திரைமுன் 7 முறைதான் இமைத்தார்கள் என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 1993-ல் காட்டியது. ஆனால் இமைக்கும்போது ஏற்படும் அழுத்தம்தான் எண்ணெயை வெளியே தள்ளுகிறது. ஆக இரண்டும் ஒரே காரணத்தின் இரு முனைகள். எண்ணெயின் கதை தெரிந்ததாலேயே எல்லா மருந்தும் பலித்துவிடவில்லை. மீன் எண்ணெய் மாத்திரை நாளொன்றுக்கு 3,000 மில்லிகிராம் என ஓராண்டு கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்கச் சோதனை, 2018-ல், ஒப்பீட்டுக்காகக் கொடுத்த ஆலிவ் எண்ணெயைவிட அது மேலல்ல என்று முடிந்தது. சொட்டு மருந்தும் வீணல்ல. நீர் வற்றியவருக்கு அது தேவை, அழற்சி இருந்தால் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் தேவை. அடிக்கடி ஊற்றுவோருக்கு, பதனப்பொருள் கலக்காத சொட்டு நல்லது, ஏனெனில் பதனப்பொருளாகச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு கருவிழியின் மேல்தோலையே அரிக்கும். இமை விளிம்பை மருத்துவர் விரலால் மெல்ல அழுத்தும்போது தெளிந்த எண்ணெய் வராமல் பற்பசைபோல் கெட்டியாக வந்தால், வெதுவெதுப்பான ஒத்தடமும் அதன்பின் இமையை நீவிவிடுவதும் முதலில் வர வேண்டும். அந்தச் சில நொடிப் பரிசோதனைக்கும் கருவி வேண்டாம், செலவில்லை. சொட்டு மருந்துச் சீட்டு எழுதுமுன் அதைச் செய்யும்படி நோயாளி கேட்கலாம்.