பட்டன் போனுக்குள் ஒரு நெருப்புநரி

1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கதை தெரியாதவர் குறைவு. தொழில் அந்த இரண்டு பேரோடு நிற்காமல் ஊரே எடுத்துச் செய்ததால்தான் சிவகாசி இப்போதைய சிவகாசி ஆனது. மென்பொருளில் ஏறக்குறைய இதுதான் ஓப்பன் சோர்ஸ். நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்.

ஓப்பன் சோர்ஸ் போன் என்றதும் எல்லோரும் ஆண்ட்ராய்டைத்தான் சொல்வார்கள். சத்தமில்லாமல் பட்டன் போன் வழியாக வந்த இன்னொன்று உண்டு.

ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா (பதிவர்கள் 'நெருப்புநரி' என்று எழுதுவார்களே, அதேதான்) 2011-ல் போனுக்கும் ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கியது. அடியில் லினக்ஸ், மேலே உலாவி. ஒவ்வொரு செயலியும் ஒரு வலைப்பக்கம் மாதிரி. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் அதை வைத்து 'கிளவுட் எஃப்எக்ஸ்' என்ற போனை 1,999 ரூபாய்க்கு விட்டது. விலை சரி, ரேம் வெறும் 128 எம்பி! 3ஜியும் கிடையாது. எடுபடவில்லை. 2015 டிசம்பரில் மொசில்லா ஸ்மார்ட்போன் வேலையைக் கைவிடுவதாக அறிவித்தது.

மூடி வைத்த சரக்காக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நிரல் பொதுவில் கிடந்ததால் கைஓஎஸ் என்ற நிறுவனம் அதை எடுத்துப் பட்டன் போனுக்கு ஏற்றபடி மாற்றியது. 2017 ஜூலையில் ரிலையன்ஸ் அறிவித்த ஜியோபோனில் ஓடியது அதுதான்.

ஜியோவுக்கு வேறு வழியும் இல்லை. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய அவர்களிடம் 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சும் 4ஜி டேட்டாவாகவே போகும். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர் கையில் இருந்த 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஆக, மலிவான 4ஜி பட்டன் போன் வேண்டும், குறைந்த ரேமில் ஓடும் இயங்குதளம் வேண்டும். போனுக்கு முன்பணம் 1,500 ரூபாய், மூன்று வருடம் கழித்துத் திருப்பித் தருவதாக ஏற்பாடு. வட்டி கிடையாது. (இதை விற்பனை என்று எழுதுவதா, கடன் என்று எழுதுவதா என்பது காமர்ஸ்காரர்களுக்கு நல்ல கேள்வி :-) )

அப்போது மாதம் 153 ரூபாய் கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் பேச முடிந்தது. 2003-ல் இன்கமிங் இலவசமானதிலிருந்து நம் ஊர்களில் வேரூன்றியிருந்த 'மிஸ்டு கால் கொடு, நான் கூப்பிடுறேன்' பழக்கம் இந்த மாதிரித் திட்டங்களால்தான் தேய்ந்தது.

ஆனால் திறந்த நிரலின் சுதந்திரம் வாங்கியவர் கைக்கு வரவில்லை. ஜியோபோனில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். பிஎஸ்என்எல் சிம் போட முடியாது. மொசில்லாவின் உரிமம் நிரலைப் பற்றியது. போனைப் பூட்டக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. வாட்ஸ்அப்பும் 2018 செப்டம்பரில்தான் அதற்கு வந்தது. 2021 தீபாவளிக்கு ஜியோ கொண்டுவந்த 'ஜியோபோன் நெக்ஸ்ட்' ஆண்ட்ராய்டுக்கு மாறிவிட்டது. 2024 ஜூனோடு கைஓஎஸ் போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கவும் வழியில்லாமல் போனது.