இயக்கத்தின்போது தசைச் சோர்வை அறியும் மேற்பரப்பு இ.எம்.ஜி. பரிசோதனை

பக்கவாதத்திற்கோ மூட்டு அறுவை சிகிச்சைக்கோ பின் பயிற்சி செய்பவர், சில நிமிடங்களிலேயே "முடியவில்லை" என்று நிறுத்துவதுண்டு. இதனைச் சோம்பல் என்று குடும்பத்தினர் கருதிவிடக் கூடாது. தசை உண்மையில் சோர்வடைகிறதா என்பதை மதிப்பிட மேற்பரப்பு இ.எம்.ஜி. எனப்படும் தசை மின்பதிவு துணைபுரிகிறது.

எவ்வாறு செயல்படுகிறது?
தசை சுருங்கும்போது அதன் இழைகளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. தோலின் மீது ஒட்டப்படும் மின்முனைகள் அதனைப் பதிவு செய்கின்றன. சோர்வு கூடும்போது இழைகளில் மின்னலை பரவும் வேகம் குறைவதால், சமிக்ஞையின் அதிர்வெண் தாழ்கிறது. அதே எடையைத் தாங்கக் கூடுதல் இழைகள் செயல்படுவதால், அதன் வீச்சு பெரும்பாலும் உயர்கிறது. வலிமை குறைவது வெளியே தெரியும் முன்னரே இம்மாற்றங்கள் தென்படலாம்.

இயக்கத்தின்போது அளப்பது ஏன் கடினம்?
கையை மடக்கி நீட்டும்போது தசையின் நீளம் மாறுகிறது. மின்முனைக்கு அடியில் தசையும் நகர்கிறது. இவற்றால் நேரும் மாற்றத்தைச் சோர்விலிருந்து பிரித்தறியச் சிறப்புக் கணக்கீடுகள் தேவை. அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வாளர்கள், எடையைத் தூக்கி முழங்கையை மடக்கி நீட்டிய தன்னார்வலர்களின் மேற்கைத் தசையில் இவ்வாய்வைச் செய்துள்ளனர். அவர்கள் உடல்நலம் உடையவர்கள் என்பதால், அம்முடிவுகளை நோயாளிகளுக்கு அப்படியே பொருத்த இயலாது.

வலிக்குமா?
வலிக்காது. ஊசி குத்தப்படுவதில்லை, உடலுக்குள் மின்சாரமும் செலுத்தப்படுவதில்லை. நரம்பியல் பிரிவில் செய்யப்படும் ஊசி இ.எம்.ஜி. வேறு பரிசோதனையாகும்.

செய்ய வேண்டியவை
• பரிசோதனை நாளன்று தோலில் எண்ணெய், களிம்பு பூச வேண்டாம்.
• தளர்வான உடை அணியவும்.
• இதய பேஸ்மேக்கர், பிளாஸ்டர் ஒவ்வாமை இருப்பின் முன்கூட்டியே தெரிவிக்கவும்.
• முதல் நாள் கடும் உழைப்பைத் தவிர்க்கவும்.

கவனிக்க
இப்பரிசோதனை மட்டுமே நோயைக் கண்டறியாது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் அயர்ச்சி தரும். பயிற்சியின் அளவை மருத்துவர் அல்லது இயன்முறை சிகிச்சையாளரின் ஆலோசனையின்றி மாற்ற வேண்டாம். நோயாளி எத்தனையாவது முறையில் தளர்கிறார் என்பதை நாள்தோறும் குறித்து வைத்து அவர்களிடம் காட்டுவது பயனளிக்கும்.

மாலையில் இமை தொங்குதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல் இருப்பின் தாமதமின்றி மருத்துவரை அணுகவும். திடீரென ஒரு பக்கக் கை கால் செயலிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டாலோ உடனே 108-ஐ அழைக்கவும்.