மார்மன் பலதார மணமும் சமயத் துன்புறுத்தலும்

மார்மன் சமயத்தாரின் பலதார மணத்தை அமெரிக்க அரசு ஒடுக்கியது சமயத் துன்புறுத்தலா? 1879ஆம் ஆண்டு ரெனால்ட்ஸ் வழக்கில், சட்டம் சமய நம்பிக்கையில் தலையிடலாகாது, செயலைத் தடுக்கலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவில் அதனைத் துன்புறுத்தல் எனக் கொள்வதற்கில்லை.

ஆயின், பலதார மணத்தைப் போதிக்கும் அமைப்பில் உறுப்பினராயிருத்தலே வாக்குரிமையை இழக்கப் போதுமென 1885இல் ஐடஹோ ஆட்சிப்பகுதி சட்டமியற்றியது. ஒரே மனைவியுடன் வாழ்ந்தோரும் அவ்வுரிமையை இழந்தனர். 1887ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் திருச்சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழிவகுத்ததுடன், யூட்டா பெண்கள் 1870இல் பெற்ற வாக்குரிமையையும் நீக்கியது. பலதார மணத்தால் பாதிக்கப்பட்டோரெனக் கருதப்பட்ட பெண்களே இதனால் உரிமையிழந்தனர்.

1890இல் திருச்சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப், சட்டம் விலக்கிய திருமணங்களைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தினார். ஆகவே, செயலைத் தண்டித்ததையன்று, சமயச் சார்பையே தண்டித்ததையே துன்புறுத்தல் என நாம் கருதுகிறோம்.