மூலிகையும் முறையறிந்த மருத்துவரும்

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் ஏறத்தாழ 16 மைல் கடந்ததும் மாத்தளை நகரை அடைவர். அதற்கப்பால் தம்புள்ளைக்குச் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் மிளகும் ஏலமும் கராம்பும் சாதிக்காயும் செழித்து நிற்கின்றன. அடுக்களைக்கு உதவும் இச்சரக்குகளே மருந்துப் பெட்டிக்கும் உதவுகின்றன. இருமலுக்கு ஆடாதோடை, வயிற்றுப் பொருமலுக்கு ஓமம், தடிமனுக்குக் கொத்தமல்லிக் குடிநீர் என வீட்டுக்கு வீடு கைவைத்தியம் நிலவுகிறது. இதனால், மூலிகையை அறிந்தவரெல்லாம் மருத்துவத்தையும் அறிந்தவரே என்னும் எண்ணம் எளிதில் எழுந்துவிடுகிறது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஒரு கிழங்கே உணர்த்திவிடும்.

கார்த்திகை மாதத்தில் செந்தழல் போலப் பூக்கும் கொடி ஒன்றுண்டு. தமிழர் அதனைக் கார்த்திகைப்பூ என்பர். சிங்கள மக்கள் நியங்கலா என்பர். அதன் கிழங்கை வற்றாளங்கிழங்கு என மயங்கி உண்டு உயிரிழந்தோர் இலங்கையில் உண்டு. ஆயினும், கலப்பைக் கிழங்கு என்னும் பெயரால் சித்த மருத்துவம் அதனை ஆள்கின்றது. மோரில் ஊறவைத்து, உலர்த்தி, சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்க்கின்றது. அக்கிழங்கிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சையே மேனாட்டு மருத்துவரும் மிகச் சிறிய அளவில் மூட்டு வாதத்துக்கு வழங்குகின்றனர். பொருள் ஒன்றுதான். அதனை மருந்தாக்குவதும் நஞ்சாக்குவதும் சுத்தியும் அளவும் நோயறிந்து கொடுக்கும் முறையுமே ஆகும்.

இவ்வுண்மையை அறிந்தே பண்டைய இலங்கை மருத்துவத்தை முறைப்படுத்தி வைத்தது. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவமனையின் சிதைவுகளை இன்றும் காணலாம். நோயாளியைப் படுக்கவைத்து மருந்து நீரில் ஊறவைப்பதற்கென மனித உருவில் குடைந்த கற்தொட்டியும் அங்கே உண்டு. அத்தகைய சிகிச்சை, கைப்பக்குவம் ஒன்றால் மட்டும் நடைபெற்றிருக்க இயலாது.

கற்ற அறிவு அழியாமல் காக்கப்பட வேண்டும் என்பதற்கு மாத்தளையே சான்று பகர்கின்றது. நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், அதுகாறும் வாய்வழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. போரும் பஞ்சமும் ஓதுவோரைக் குறைத்தமையே அதற்குக் காரணம். மருத்துவ அறிவும் இவ்வாறே குடும்பங்களிடை ஏட்டிலும் செவியிலும் வாழ்ந்தது. ஒரு மருத்துவக் குடும்பத்தின் வழி அற்றால் அதன் அறிவும் அற்றது. அவ்விடத்தை அரைகுறையாகக் கற்றவர் நிரப்பினர்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதிக்கும் அம்மைக்கும் வழியிலேயே பலியானோர் பலர். தாம் கொண்டு வந்த கைவைத்தியத்தைத் தவிர அவர்களுக்கு அணுக்கத்தில் இருந்த உதவி சிறிது. அரசின் ஆதரவோ மேனாட்டு மருத்துவத்துக்கே சென்றது. நாட்டு மருத்துவத்தில் கற்றவர் யார், கல்லாதவர் யார் என்று பிரித்துக் காட்டுவாரும் இல்லை.

அக்குறையைப் போக்கும் முயற்சி 20ஆம் நூற்றாண்டிலே வலுப்பெற்றது. 1929ஆம் ஆண்டு கொழும்பு பொரளையில் சுதேச மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. 1941ஆம் ஆண்டின் சுதேச மருத்துவக் கட்டளைச் சட்டமும், அதன்பின் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் பிறந்தன. சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் பிந்திய சட்டம் தன்னுள் அடக்கிக்கொண்டது. மருத்துவரைப் பதிவு செய்யும் ஆயுர்வேத மருத்துவ சபையையும் அமைத்தது. பரம்பரை மருத்துவருக்கும் அப்பதிவேட்டில் இடமுண்டு. ஆகவே பதிவு என்பது மரபைத் தள்ளிவைக்கும் மதில் அன்று. மரபறிந்தவரைப் பிறர் அறியச் செய்யும் அடையாளமே.

அந்த அடையாளத்தைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. பெயரும் சேர்மானமும் எழுதப்படாத புட்டியை, விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி வாங்குதல் தகாது. நாளும் பழகிய ஆடாதோடையும் கருவுற்ற பெண்ணுக்கு ஆகாது என்பர் மருத்துவர். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ ஆங்கில மருந்து உண்போர், அதனைத் தாமே நிறுத்திவிட்டுக் குடிநீருக்கோ இயற்கை வைத்திய உபவாசத்துக்கோ மாறுதல் பேராபத்து. உண்ணும் மருந்து அனைத்தையும் இரு சார் மருத்துவருக்கும் ஒளியாது சொல்லுதல் வேண்டும்.

மாத்தளை மண் மூலிகையைக் குறைவின்றித் தருகின்றது. அதனை இன்ன நோய்க்கு, இன்ன அளவில், இன்ன உடலுக்கு என்று தேர்ந்து கொடுக்கும் அறிவு தோட்டத்தில் விளைவதன்று. அதனைக் கற்றவரிடம் சென்று கேட்டே பெறுதல் வேண்டும்.