சமூக இடைத்தொலைவும் மாணவர் உள்ளமும்

நிலத்தை அளக்கக் கோல் உண்டு. பொன்னை நிறுக்கத் துலாக்கோல் உண்டு. சமூக நீதி பற்றி மாணவர் கொண்டுள்ள மனப்பான்மையை அளக்கக் கருவி உண்டா? இவ்வினாவிற்கு அமெரிக்க அறிஞர் சிலர் கண்ட விடைகளை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்கின்றோம்.

தென் கலிபோர்னியாப் பல்கலைக் கழகச் சமூகவியற் பேராசிரியர் எமரி போகார்டசு 1925-இல் ஏழு படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். ஓர் இனத்தாரை மண உறவினராக ஏற்றல் முதற்படி. நண்பர், அண்டை வீட்டார், உடன் தொழில் செய்வோர், குடிமக்கள், வந்து செல்வோர் எனப் படிகள் விலகிச் சென்று, நாட்டினுள் புகவிடாமை ஏழாம் படியாக முடியும். எண் மிகுந்தால் தொலைவும் மிகும் என்பது இதன் முறை. நாடு தழுவிக் கல்லூரிகளிற் பயின்றோரிடையே 1926-இல் எடுத்த கணக்கில் சராசரி 2.14, 1966-இல் அது 1.92. மிகவும் விரும்பப்பட்ட இனத்திற்கும் மிகவும் ஒதுக்கப்பட்ட இனத்திற்கும் இடைப்பட்ட வேறுபாடு 2.85-இலிருந்து 1.56-ஆகக் குறைந்தது.

இவ்வெண்கள் ஒதுக்கப்பட்டோரின் இயல்பைக் காட்டுவனவா, ஒதுக்கியோரின் உள்ளத்தைக் காட்டுவனவா? யூசின் ஆர்ட்லி 1946-இல் வெளியிட்ட நூல் இதற்கு விடை தருகின்றது. அவர் கல்லூரி மாணவரிடம் அளித்த இனப்பட்டியலில், தாமே புனைந்த மூன்று இனப்பெயர்களையும் சேர்த்திருந்தார். உள்ள இனங்களை விலக்கிய மாணவர் இப்புனைபெயர் இனங்களையும் விலக்கும் போக்கினர் என்பது புலனாயிற்று. உலகில் இல்லாத ஓர் இனத்தார் யாருக்கும் தீங்கு செய்திருத்தல் இயலாது. எனவே, அக்கோல் காட்டியது குறியிட்டோரின் உள்ளத்தையே என்று துணியலாம்.

எனினும், மனப்பான்மையின் அளவே நீதியின் அளவாகிவிடாது. போகார்டசின் முதற்படியையே சான்றாகக் கொள்வோம். வேற்றினத்தாரை மணக்க ஒருவன் மனமுவந்து இசைந்தாலும், அவ்வாறான மணத்தைத் தடுக்கும் சட்டம் 1967-இலும் 16 மாநிலங்களில் நடைமுறையில் இருந்தது. அவ்வாண்டு சூன் திங்களில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினாலேயே அத்தடை வீழ்ந்தது. தாளில் இட்ட குறி அதுகாறும் உள்ளத்தின் இசைவாகவே நின்றது, உரிமையாக மலரவில்லை.

ஆதலின், மாணவரிடை வினாத்தாள் வழங்கிச் சமூக நீதியை ஆராய முற்படுவோர், அவர் எதனை ஏற்கின்றனர் என்பதோடு, ஏற்றதன்படி ஒழுகச் சட்டமும் வழக்கமும் இடந்தருகின்றனவா என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும் என்பது எம் கருத்து.