அடுப்புக் குமிழ் அமைப்பு

நான்கு பர்னர் அடுப்பில் பர்னர்கள் சதுரமாகவும் குமிழ்கள் ஒரே வரிசையிலும் இருந்தால், எது எதற்கு என்பது பார்த்ததும் விளங்காது. பால் பொங்கும் அவசரத்தில் கை வேறு குமிழைத் திருகும். பழி சமைப்பவர் மேல் விழும். 1959-இல் அமெரிக்க உளவியலாளர் அல்போன்ஸ் சாபானிஸ் சக ஆய்வாளருடன் நான்கு அமைப்புகளைச் சோதித்தார். பின் பர்னர்களைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, இடமிருந்து வலமாகக் குமிழ்களோடு ஒத்துப்போகச் செய்த அமைப்பில் மட்டும் ஒரு பிழையும் நேரவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்பார்கள்; அந்தப் பழக்கமே வேறு வீட்டு அடுப்பில் ஏமாற்றும். குமிழருகே படம் பொறிப்பது அரைத் தீர்வு, எண்ணெய்ப் பிசுக்கில் முதலில் மறைவது அதுதான். நகர்த்தினால் இடம் அடைக்கும் என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. அப்போது குமிழ்களையே சதுரமாக அடுக்கலாம். ஆனாலும் வரிசைக் குமிழ் அடுப்புகள் இன்றும் விற்பனையாகின்றன.