எடைக்குப் போகும் முதுசம்

பாசிக்குடாவின் கடலடியில் வளரும் முருகைக்கல்லுக்கும், தென்னந்தோட்டக் கொட்டகையொன்றில் துருவேறி நிற்கும் பழைய மோட்டார்க் காருக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? நமது நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் இவ்விரண்டையும் ஒரே வரிசையில் வைத்துள்ளன. உரிமம் பெறாது நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லக் கூடாத பொருட்களின் பட்டியலில் முருகைக்கல், யானைத்தந்தம், கருங்காலி மரம் ஆகியவற்றுடன், 1945ஆம் ஆண்டுக்கு முன்னர் இலங்கையில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்ட பயணிகள் மோட்டார் வாகனங்களும் இடம்பெற்றுள்ளன. பழைய காரும் தேசத்தின் செல்வமே என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருளாகும்.

ஆனால் இந்த விதி துறைமுக வாசலை மட்டுமே காக்கிறது. நாட்டுக்குள்ளேயே ஒரு வாகனம் துண்டு துண்டாக வெட்டப்பட்டு எடைக்கு விற்கப்படுவதை இது தடுப்பதில்லை. 1945இற்குப் பின்னர் பதிவான கார்கள், லொறிகள், உழவு இயந்திரங்கள் ஆகியன இதன் எல்லைக்குள் வருவதுமில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமோ முதன்மையாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே கருத்திற் கொள்கிறது. மோட்டார் வாகனம் என்பதே அதன் பின்னர் பிறந்த ஒன்று. எனவே பழைய தோட்டங்களில் எஞ்சியுள்ள வாகனங்களின் தலைவிதி அவற்றைக் கண்டெடுப்பவரின் கையிலேயே தங்கியுள்ளது.

இவ்வாகனங்கள் தோட்டங்களுக்கு வந்த வரலாறு நீண்டது. இலங்கையில் மோட்டார்ச் சங்கம் 1904ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டுவிட்டது. மலையகத்தில் தேயிலை, இறப்பர்த் தோட்டத் துரைமாரும், கரையோரங்களில் தென்னந்தோட்ட உரிமையாளர்களும் கார்களின் முதல் வாடிக்கையாளர்களுள் அடங்குவர். ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன், ஸ்டாண்டர்ட் போன்ற ஆங்கிலேயக் கார்களும், 1948இற்குப் பின்னர் லேண்ட்ரோவரும் பங்களாக்களின் முற்றங்களை நிறைத்தன. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணி உடைமைக்கு 50 ஏக்கர் என எல்லை வகுத்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. துரைமார் கப்பலேறினர், பல கார்கள் இங்கேயே தங்கிவிட்டன. அக்காலத்தின் கடும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் ஒரு காரின் உறுப்பைக் கழற்றி இன்னொரு காரை ஓட வைப்பது நமது கராஜ்களின் அன்றாடக் கலையாயிற்று.

கிழக்கிலே இக்கதைக்கு வேறு சில அத்தியாயங்களும் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோட்டங்களை அடியோடு சாய்த்தது. பின்னர் வந்த யுத்தம் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருங்கே இடம்பெயரச் செய்தது. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. வீட்டைவிட்டு ஓடியவர் காரைப் பற்றி நினைக்கவில்லை, நினைத்திருக்கவும் முடியாது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தின் உப்புக் காற்று எஞ்சிய வேலையைச் செய்து முடித்தது. இத்தனைக்கும் தப்பி ஒரு கொட்டகையில் ஒரு வாகனம் நிற்குமாயின், அதன் அருமை அதன் சந்தை விலையினும் பெரிது என்பதை மறுப்பதற்கில்லை.

தப்பியவற்றுக்கு இன்று இரு வழிகளே திறந்திருக்கின்றன. ஒன்று, பழைய இரும்புத் தராசு. மற்றையது, வெளியூரிலிருந்து வந்து முகப்பு விளக்கு, சில்லு மூடி, காபுரேற்றர், பெயர்ச்சின்னம் என வேண்டியதைக் கழற்றிக்கொண்டு உடலை விட்டுச் செல்லும் வியாபாரம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை திறக்கப்படாதிருந்தமையால், அவ்வாண்டுகளில் பழைய வாகனங்களுக்கும் உறுப்புகளுக்கும் இருந்த கிராக்கி மேலும் ஏறியது. பழைய இரும்பு வியாபாரம் பல குடும்பங்களின் நேர்மையான சீவனோபாயம். அதை நாம் குறை கூறவில்லை. தான் வாங்குவது எதுவென்று வியாபாரியும், தான் விற்பது எதுவென்று வாரிசும் அறியாதிருப்பதே நமது கவலை.

இந்த அறியாமையின் விலை எவ்வளவு என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். பிரான்ஸின் மேற்குப் பகுதியில் பையோன் குடும்பத்தின் பழைய தோட்டமொன்றில் சுமார் அறுபது கார்கள் அரை நூற்றாண்டாகக் கொட்டகைகளில் கிடந்தன. 2014இல் வெளியுலகுக்குத் தெரியவந்த அவை 2015 பெப்ரவரியில் பாரிஸில் ஏலமிடப்பட்டன. பழைய சஞ்சிகைகளின் குவியலுக்கடியிற் கிடந்த பெராரி ஒன்று மாத்திரம் 1 கோடியே 60 இலட்சம் யூரோவுக்கும் மேலாக விலைபோனது. அக்கார்களை எவரும் கழுவவில்லை, வர்ணம் பூசவில்லை. தூசியோடும் துருவோடும் இருந்தபடியே அவை மேடையேறின. நமது தோட்டங்களில் பெராரி கிடைக்கப் போவதில்லை. எனினும் தீண்டப்படாத நிலையே மதிப்பு என்ற பாடம் ஒரு மொரிஸ் மைனருக்கும் பொருந்தும்.

இதே நெறியையே பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் வலியுறுத்துகிறது. புதிதுபோல் மாற்றுவதைவிட உள்ளதைப் பேணுவதே அதன் முதல் நோக்கம். இந்தியா 2021இல் கொண்டுவந்த விதிகள் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் சிதையாத வாகனங்களுக்குத் தனியான பதிவு இலக்க வரிசையை வழங்குகின்றன. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் இயங்கும் அறக்கட்டளையினர் 2015இல் கார் அருங்காட்சியகமொன்றைத் திறந்தனர். டார்ஜிலிங்குக்கு அருகிலுள்ள மானேபஞ்சாங்கில், தேயிலைத் தோட்டக் காலத்து லேண்ட்ரோவர்கள் சந்தக்பூ மலைக்குப் பயணிகளை ஏற்றிச் சென்று ஊருக்கே சோறு போட்டு வந்திருக்கின்றன.

பழைய உறுப்புகளைக் கொண்டு புதிய வாகனம் சமைப்பதும் ஒரு மரபே. 1932ஆம் ஆண்டின் போர்ட் காரையும் அதன் எட்டு சிலிண்டர் இயந்திரத்தையும் வெட்டி ஒட்டி, அமெரிக்க இளைஞர்கள் 'ஹொட் ரொட்' எனும் வேகக் கார்களை உருவாக்கினர். நமது நாட்டுக் கைவினையும் இத்துறையில் தாழ்ந்ததன்று. மொரிஸ் மைனர் காரின் உடற்பாகங்கள் இலங்கைத் தொழிலாளரின் கைகளால் உருவாக்கப்பட்டு, 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வேர் நடத்திய நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. ஆதலால் உறுப்புகளை எடுப்பதே தவறு என்பது நமது வாதமன்று. அடிச்சட்டம் உக்கி மீட்க முடியாத வண்டியின் உறுப்பு இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுக்கட்டும். முழுமையாக நிற்கும் வண்டியை உறுப்புக்காக அறுப்பதுதான் பாவம்.

கண்டெடுப்பவர்கள் சில விடயங்களைக் கவனத்திற் கொள்ள வேண்டும். முதலில், வண்டி நின்ற இடத்திலேயே நாற்புறமும் படமெடுத்து, அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தை உடனே முடுக்கிப் பார்க்கக் கூடாது. இறுகிப்போன பிஸ்டன் உடையும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துளைகளினூடாக எண்ணெய் விட்டுச் சில நாட்கள் ஊற விட்டபின் கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறை. துருவேறிய அடிச்சட்டத்தில் சங்கிலி கட்டி இழுக்கக் கூடாது. சுற்றிலும் மண்ணிற் கிடக்கும் ஆணியையும் மூடியையும்கூட ஒரு பெட்டியிற் சேர்க்க வேண்டும். பதிவுப் புத்தகம், பெற்றோல் துண்டுகள், பழைய குடும்பப் படங்கள் ஆகியன வண்டியின் அங்கங்களே என்று கருதப்படல் வேண்டும்.

இலக்கத் தகட்டையும் எறிந்துவிடலாகாது. சிலோன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து பிறந்த சி.இ., சி.என்., இ.எல்., இ.வை. போன்ற இலக்கங்களைத் தாங்கிய கார்கள் ஒரு காலத்தவை. அவற்றைத் தொடர்ந்து வந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்து 1958இல் தமிழர் பகுதிகளில் எவ்வளவு பெரும் போராட்டத்துக்குக் காரணமாயிற்று என்பதை வாசகர்கள் அறிவர். இந்நாட்டு அரசியலின் ஒரு பக்கமே அத்தகரத் துண்டில் எழுதப்பட்டிருக்கிறது. கொழும்புச் சேகரிப்பாளரின் மண்டபத்தில் பளபளக்கும் கார், அது ஓடிய ஊரையும் அதை ஓட்டிய சாரதியையும் பழுதுபார்த்த மெக்கானிக்கையும் இழந்துவிட்டால், அது வெறும் அழகுப் பொருளே.

எனவே, மாவட்டத்தில் எஞ்சியுள்ள பழைய வாகனங்களைப் பற்றிய பதிவேடொன்று முதலில் தயாரிக்கப்படல் வேண்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரியும் பிரதேச சபைகளும் இதில் கைகோக்கலாம். முதிய மெக்கானிக்குகளின் நினைவுகள், அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யப்படல் வேண்டும். பாசிக்குடாவின் உல்லாச விடுதிகளுக்கும் இதில் பங்குண்டு. எடின்பரோ கோமகன் பிலிப் 1940இல் கொழும்பில் 12 பவுணுக்கு வாங்கிய ஸ்டாண்டர்ட் கார், கோல்பேஸ் ஹோட்டலில் அதன் வரலாற்றோடு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நமது தென்னந்தோட்டத்துக் காருக்கும் அவ்வாறு ஓரிடமும் நாலு வரி விளக்கமும் கிடைக்குமாயின், உல்லாசப் பயணி இந்த ஊரையும் அறிந்து செல்வான்.

கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை செய்தது. அதற்குள் நமது கரைகளில் எவ்வளவோ கல் சூளைகளில் வெந்து சுண்ணாம்பாகிச் சுவர்களிற் பூசப்பட்டுவிட்டது. பழைய வாகனங்களின் விடயத்திலும் நாம் அவ்வாறு காலந்தாழ்த்தினால், பாதுகாக்கச் சட்டம் வரும் நாளில் பாதுகாப்பதற்கு எதுவும் எஞ்சியிராது.